பூச்செடியும் செபமாலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவிலில் பீடத்துக்குப் பூ அடுக்குவதும் மாதா கெபியை (மாதா சுரூபம் வைத்த குகை மாதிரி அமைப்பு) சுற்றியிருக்கிற செடிகளைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. திருப்பலி முடிந்ததும் யாராவது ஒருவர் வந்து செடியைப் பற்றி விசாரிப்பதுபோல ஆரம்பித்து வேறு எதையோ கேட்பார். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். நான் இறையியல் படித்ததில்லை, விவிலியமும் மறைக்கல்வி நூலும் வாசிப்பேன், மண் கிளறுவேன், அவ்வளவுதான்.

பூச்செடி வளர்ப்பதற்கும் பக்திக்கும் என்னங்க சம்பந்தம்? அது ஒரு பொழுதுபோக்குதானே?

பொழுதுபோக்காகவே இருக்கட்டும், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மலைப்பொழிவில் ஆண்டவர் கவலையைப் பற்றிப் பேசும்போது, காட்டுமலர்ச் செடிகள் எப்படி வளர்கின்றன என்று கவனிக்கச் சொல்கிறார் (மத்தேயு 6:28). நாம் அதில் 'கவலைப்படாதே' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். கவனிக்கிற வேலையை யாரும் செய்வதில்லை. சாலமோன்கூட இப்படி உடுத்தியதில்லை என்று அவர் புகழ்ந்தது அரண்மனைத் தோட்டத்து ரோஜாவையும் இல்லை, நாளைக்கு அடுப்பில் போடப்போகிற புல்லைத்தான்.

அதோடு, மீட்பின் முக்கியமான கட்டங்கள் எங்கே நடக்கின்றன என்று பாருங்கள். மனிதன் விழுந்தது தோட்டத்தில். ஆண்டவர் பிடிபட்டது ஒரு தோட்டத்தில் (யோவான் 18:1). அவரை அடக்கம் செய்த கல்லறை இருந்ததும் தோட்டத்துக்குள்தான் (யோவான் 19:41).

இப்படியே போனால் இயற்கையைக் கும்பிடுகிற மாதிரி ஆகிவிடாதா? எனக்கு அது கொஞ்சம் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான், விவிலியமே அதைப் பேசுகிறது. சாலமோனின் ஞானம் 13ஆம் அதிகாரம் படைப்பின் அழகில் மயங்கி அதையே தெய்வமாக்கிக்கொண்டவர்களைக் கண்டிக்கிறது. அதே அதிகாரத்தில்தான், படைப்பின் பெருமையிலிருந்தும் அழகிலிருந்தும் படைத்தவரை அறியலாம் என்றும் வருகிறது. புனித அகுஸ்தினார் நிலத்தையும் கடலையும் காற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்ததாக எழுதுகிறார்: நீதான் என் கடவுளா? நாங்கள் இல்லை, அவர்தான் எங்களை உண்டாக்கினார் என்று எல்லாம் ஒரே பதிலைச் சொல்கின்றன.

நான் பார்க்கிற அளவுகோல் ரொம்ப எளிமையானது. செடியோடு இருந்த நேரம் உங்களைத் திருப்பலிக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அருகே கொண்டுபோகிறதா, அல்லது 'எனக்குத் தோட்டமே கோவில், அங்கே போய் என்ன ஆகப்போகிறது' என்று சொல்ல வைக்கிறதா? இரண்டாவது என்றால் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். நற்கருணைக்கு ஈடாக எந்தப் பூவும் கிடையாது.

பூ இரண்டு நாளில் வாடிவிடுகிறது. எசாயாவே 'பூ வதங்கி விழும்' என்றுதான் சொல்கிறார். இதில் எதிர்நோக்கு எங்கே இருக்கிறது?

மற்றவர்களைவிட இவர் விவிலியத்தைக் கவனமாக வாசித்திருக்கிறார். எசாயா 40:8 அப்படித்தான் சொல்கிறது, திருப்பாடல் 103ம் மனிதனை வயல்வெளிப் பூவோடு ஒப்பிட்டு, காற்றடித்தால் அது இல்லாமல் போகும் என்கிறது. பூவின் அழகிலிருந்து எதிர்நோக்கை எடுக்கப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நான் அதை வேறு இடத்தில் தேடச் சொல்வேன்.

இலை உதிர்க்கிற மரம் ஒன்றின் அருகே போய், பழுத்து விழத் தயாராக இருக்கிற ஓர் இலையின் காம்பைப் பிடித்து மெல்லக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் இழுக்கவே வேண்டியிருக்காது, தொட்டதும் வந்துவிடும். காம்பு இருந்த இடத்தில் சின்னதாக ஒரு தழும்பு, சில மரங்களில் குதிரை லாடம்போல இருக்கும். அதை ஒட்டி, சரியாக மேலே, அரிசி மணி அளவுக்கு ஒரு மொட்டு. அடுத்த பருவத்து இலை அதற்குள் மடிந்து கிடக்கிறது. இலை விழுந்த பிறகு வந்த மொட்டு இல்லை அது, மரம் பச்சைப் பசேலென்று இருந்தபோதே உருவாகி, நம் கண்ணில் படாமல் காம்படியில் உட்கார்ந்திருந்தது. இலை விழுவதும் விபத்து கிடையாது, மரமே இலையிலிருக்கிற சத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, காம்படியில் மெல்லிய ஓர் அடுக்கை உண்டாக்கி அதைப் பிரித்துவிடுகிறது.

கண்ணால் பார்க்கிறதை யாராவது எதிர்நோக்குவார்களா என்று பவுல் கேட்கிறார் (உரோமையர் 8:24). எல்லாம் உதிர்கிற நேரத்தில் மொட்டு ஏற்கெனவே அங்கே இருக்கிறது என்பதுதான் எனக்குப் பூவைவிடப் பெரிய ஆறுதல்.

உயிர்ப்புத் திருநாள் என்றால் வசந்தம் என்கிறார்கள். எங்களுக்கு அப்போது வசந்தமே வருவதில்லையே?

உலகத்தில் எத்தனையோ பேருக்கு இதே கதைதான். உயிர்ப்புப் பெருவிழா, பகலும் இரவும் சமமாகிற வசந்த சமநாளன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு, அதாவது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில். வடக்கே அது துளிர் விடுகிற காலம். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே தள்ளி இருக்கிறவர்களுக்கு அது இலையுதிர்காலம். வெப்ப நாடுகளில் நான்கு பருவம் என்ற கணக்கே பொருந்தாது, மழையும் வறட்சியும்தான் பருவம்.

ஆண்டவர் உயிர்த்தது பூத்துக் குலுங்குகிற காலம் என்பதால் இல்லையே. இலை கொட்டுகிற நேரத்தில் அல்லேலூயா பாடுகிறவர்களுக்கு அது இன்னும் நன்றாகப் புரியும் என்றுகூட எனக்குத் தோன்றும். உங்கள் ஊர்ப் பருவத்தை உங்கள் ஊர்ப் பருவமாகவே பாருங்கள். மழை லில்லியின் கிழங்கு வறண்ட மாதங்களில் இருக்கிற இடமே தெரியாமல் மண்ணுக்குள் கிடக்கும், நல்ல மழை பெய்து சில நாளில் தண்டை நீட்டிப் பூத்துவிடும். முந்தைய பதிலில் சொன்ன மொட்டும் இதுவும் ஒன்றுதான், இடம்தான் வேறு.

சரி, திருவழிபாட்டு ஆண்டைத் தோட்டத்தோடு எப்படிச் சேர்த்துப் பார்ப்பது?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்துக்கு என் மனதுக்குப் பிடித்த செடி செவ்வந்தி. அது இருட்டை வைத்துக் கணக்குப் போடுகிற செடி: இரவு போதுமான அளவு நீளமாகவும் இடையில் வெளிச்சம் படாமலும் இருந்தால்தான் மொட்டு வைக்கும். வணிகத்துக்காக வளர்க்கிறவர்கள் பூப்பதைத் தள்ளிப்போட வேண்டுமானால் நள்ளிரவில் கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டுவிடுவார்கள், செடி ஏமாந்துவிடும். இருட்டைக் குறைத்தால் பூ வராது என்பதைத் திருவருகைக் காலத்தில் யோசித்துக்கொண்டே இருக்கலாம், குறிப்பாக முதல் வாரத்திலேயே கிறிஸ்துமஸ் விளக்கெல்லாம் போட்டு முடித்துவிடுகிற நமக்கு.

திருமுழுக்கு யோவானின் பிறப்பு ஜூன் 24, ஆண்டவரின் பிறப்பு டிசம்பர் 25. வடக்கில் முதல் விழாவுக்குப் பிறகு பகல் குறையத் தொடங்கும், இரண்டாவதற்குப் பிறகு வளரத் தொடங்கும். அவர் வளர வேண்டும், நான் குறைய வேண்டும் என்று யோவான் சொன்னதோடு (யோவான் 3:30) இதைச் சேர்த்துப் பார்த்தவர் அதே அகுஸ்தினார்தான்.

தவக்காலம் கத்தரிக்கோல் எடுக்கிற காலம். கனி தரும் கிளையையும் தந்தை கழித்துவிடுகிறார் என்ற வசனம் (யோவான் 15:2) கேட்கக் கடினமாக இருக்கும், ஆனால் ரோஜாவை வெட்டியவர்களுக்குத் தெரியும், தோட்டங்களில் நாம் வைக்கிற பெரும்பாலான ரோஜாக்கள் புதுக் கிளையில்தான் பூக்கின்றன. அப்புறம் பொதுக்காலம், ஆண்டிலேயே நீளமானது, 33 அல்லது 34 வாரம். திருவுடை பச்சை, வேலை தண்ணீர் விடுவதும் களை எடுப்பதும். யாரும் புகைப்படம் எடுக்காத இந்த வாரங்களில்தான் செடி வளர்கிறது.

தவக்காலத்தில் பீடத்தில் பூ வைக்கக் கூடாதாமே? அப்போ என் தோட்டத்தில் பூப்பதை என்ன செய்வது?

திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை, எண் 305 இதைச் சொல்கிறது. தவக்காலத்தில் பீடத்தை மலர்களால் அலங்கரிப்பதற்குத் தடை, விதிவிலக்கு தவக்காலத்தின் நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும். ஆக, மார்ச் 19 சூசையப்பர் பெருவிழா தவக்காலத்தில் வந்தால் பூ வைக்கலாம். திருவருகைக் காலத்தில் அளவோடு வைக்கலாம், கிறிஸ்து பிறப்பின் முழு மகிழ்ச்சியை முன்கூட்டியே காட்டிவிடக் கூடாது. எந்தக் காலமானாலும் பூவைப் பீடத்தின் மேலே அடுக்காமல் அதைச் சுற்றி வைக்க வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது.

தடை பீடத்துக்குத்தான், உங்கள் செடிக்கு இல்லை. பூப்பது பூக்கட்டும். நோயில் படுத்திருக்கிற யாருக்காவது கொண்டுபோய்க் கொடுங்கள், தவக்காலத்து அறச்செயலாகவும் ஆகும்.

மாதா தோட்டம் என்கிறார்களே, அது என்ன? எந்தெந்தச் செடி கட்டாயம் வைக்க வேண்டும்?

மாதா சுரூபம் ஒன்றை நடுவில் வைத்து, அவரோடு மரபில் சேர்த்துப் பேசப்படும் பூக்களைச் சுற்றி வளர்ப்பது. இனிமைமிகு பாடலில் வருகிற அடைக்கப்பட்ட தோட்டத்தை (4:12) திருஅவை மரபு அன்னை மரியாவாகப் பார்த்தது, பழைய ஓவியர்கள் அவரைச் சுவர் சூழ்ந்த தோட்டத்தில் உட்கார வைத்து வரைந்தார்கள். லீலி அவரது தூய்மைக்கு, ரோஜா அன்புக்கு, வயலெட் தாழ்ச்சிக்கு. மாதா மன்றாட்டுமாலையில் 'மறைபொருளின் ரோஜா மலரே' என்று சொல்கிறோம் அல்லவா, அதே மரபு. இந்தக் காலத்து மாதா தோட்டங்களில் முன்னோடியான ஒன்று 1932இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வுட்ஸ் ஹோல் என்ற இடத்தில், சூசையப்பர் கோவிலை ஒட்டிப் போடப்பட்டது.

கட்டாயம் என்று ஒரு செடியும் கிடையாது. உங்கள் மண்ணில் பிழைக்கிற செடியை வையுங்கள். பட்டியலைப் பார்த்து வெளியூர்ச் செடியை வாங்கி வந்து ஒரு மாதத்தில் சாகடிப்பதைவிட, தானாக வளர்கிற ஒரு வெள்ளைப் பூச்செடி மாதாவுக்குப் போதும்.

ஒவ்வொரு பூவுக்கும் ஓர் அர்த்தம் சொல்கிறார்கள். அதெல்லாம் உண்மையா, சும்மா கட்டினதா?

விசுவாசக் கோட்பாடு இல்லை, மக்கள் தங்கள் செபத்தில் கட்டியது. எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் பூவை வைத்து மறைக்கல்வி சொல்லிக் கொடுத்தார்கள், அதைக் கேலி செய்ய ஒன்றும் இல்லை.

பாஷன் ஃப்ரூட் கொடியின் பூவை ஒருமுறை கிட்டத்தில் பாருங்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்தப் பூவில் 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மறைப்பணியாளர்கள் பாடுகளையே பார்த்தார்கள். உச்சியில் மூன்று சூல்முடிகள் ஆணிகள், கீழே ஐந்து மகரந்தப்பைகள் ஐந்து காயங்கள், சுற்றிலும் இழை இழையாக நிற்பது முள்முடி. இதழும் புல்லியும் சேர்த்துப் பத்து, அது பேதுருவும் யூதாசும் நீங்கலாக உள்ள திருத்தூதர்கள். சுருண்டு பிடிக்கிற கொடிநுனி சாட்டை. அந்தப் பூ சுமார் ஒரு நாள்தான் விரிந்திருக்கும். கடவுள் இதற்காகவே அதை வடிவமைத்தார் என்று நான் வாதாட மாட்டேன், வண்டுகளுக்கும் அதில் வேலை இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்த பிறகு சிலுவைப்பாதை செய்தால் ஒவ்வொரு நிலையிலும் ஏதோ ஒன்று கண்முன் நிற்கும்.

எனக்குத் தோட்டமெல்லாம் இல்லை. ஜன்னலில் ஒரு தொட்டிதான், அதுவும் மூட்டு வலியில் சரியாகப் பார்த்துக்கொள்ள முடியவில்லை.

போதும். ஆண்டவர் காட்டுமலரைக் கவனிக்கத்தான் சொன்னார், நட்டு வளர்த்து எண்ணிக்கை காட்டச் சொல்லவில்லை. பிரான்ஸ் நாட்டுத் துறவியான குழந்தை தெரசா, எல்லாப் பூவும் ரோஜாவாக இருக்க ஆசைப்பட்டால் வயல்வெளி தன் அழகை இழந்துவிடும் என்று எழுதியவர், தன்னைச் சிறு மலர் என்றே சொல்லிக்கொண்டவர். துறவற மடத்தில் சேர அப்பாவிடம் அனுமதி கேட்ட அன்று, அவர் சுவரோரத்திலிருந்து ஒரு சின்ன வெள்ளைப் பூவை வேரோடு பிடுங்கி மகள் கையில் கொடுத்தார். அதைத் தெரசா பத்திரமாக வைத்திருந்தார். தண்ணீர் ஊற்ற முடியாத நாளில் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுங்கள், அதுவும் நல்லதுதான்.

செடி பக்கத்தில் நின்று என்ன செபம் சொல்வது?

தனியாக ஒரு செபம் தேட வேண்டாம். காலையில் தண்ணீர் விடும்போது மூவேளைச் செபம். களை எடுக்கும்போது செபமாலையில் ஒரு பத்து மணி, கையில் மண் இருந்தால் விரலை மடித்து எண்ணிக்கொள்ளலாம். மாலையில் வாடியதைக் கிள்ளி எடுக்கும்போது அன்றைய நாளை ஆண்டவர் முன்னால் திருப்பிப் பார்ப்பது. வார்த்தை வராத நாளும் உண்டு, அன்று சும்மா நின்றால் போதும். ஒரே ஒரு வேண்டுகோள், கைபேசியை உள்ளே வைத்துவிட்டு வாருங்கள்.

பிளாஸ்டிக் பூ வைத்தால் என்ன? வாடாது, செலவும் இல்லை.

அதே பொதுப் படிப்பினை, எண் 292, கோவில் அலங்காரத்தில் ஆடம்பரத்தைவிட உயரிய எளிமையையும் பொருள்களின் உண்மைத்தன்மையையும் கேட்கிறது. வீட்டில் உங்கள் விருப்பம், நான் யாரையும் திட்டப்போவதில்லை. ஆனால் வாடாத பூ மூன்றாவது கேள்வியில் சொன்ன எதையும் உங்களுக்குச் சொல்லித் தராது, மேலே தூசி மட்டும் சேரும். நல்ல பூ கிடைக்கவில்லையென்றால் இரண்டு பச்சை இலைக்கொத்து வையுங்கள்.

குழந்தை தெரசாவிடம் நவநாள் செய்தால் ரோஜா கிடைக்கும் என்றார்கள். எனக்குக் கிடைக்கவில்லை. செபம் கேட்கப்படவில்லையா?

விண்ணகத்திலிருந்து ரோஜா மழை பொழிவேன் என்று தெரசா சொன்னது அருள்வரங்களைப் பற்றி. ரோஜாவை அடையாளமாகப் பெற்றவர்கள் சாட்சி சொல்கிறார்கள், நான் மறுக்கவில்லை. 1531 டிசம்பரில் மெக்சிகோவின் தெபெயாக் குன்றில் மாதாவைக் கண்ட யுவான் தியேகோ குளிர்காலத்தில் ரோஜா பறித்தார் என்பது குவாதலூப்பே மரபு, கடவுள் விரும்பினால் பருவம் ஒரு தடையில்லை. ஆனால் ரோஜா வராதது 'இல்லை' என்ற பதில் ஆகாது. தெரசா தன் கடைசி ஒன்றரை ஆண்டை விசுவாச இருட்டில்தான் கழித்தார், ஓர் ஆறுதலும் இல்லாமல், 1897இல் 24 வயதில் இறக்கும்வரை. அடையாளம் கிடைக்காதவர்களின் தோழி அவர்.

அம்மா வைத்த செடி அம்மா இறந்த பிறகு காய்ந்துவிட்டது. அது ஏதாவது அறிகுறியா? அவர் நிம்மதியாக இல்லையோ?

இல்லை. இதைத் தெளிவாகவே சொல்கிறேன்: சகுனம் பார்ப்பதை மறைக்கல்வி நூல் எண் 2116 விலக்கச் சொல்கிறது, அம்மாவின் நிலையைச் செடி அறிவிக்காது. துக்க வீட்டில் தண்ணீர் விட ஞாபகம் இருக்காது, அல்லது அளவு தெரியாமல் அதிகமாக ஊற்றி வேர் அழுகியிருக்கும். அம்மாவுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுங்கள், இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2 வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

செடியைத் தூக்கி எறியும் முன் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, காய்ந்ததை வெட்டிவிட்டு விடுங்கள். காய்க்காத அத்திமரத்தை வெட்டச் சொன்ன உரிமையாளரிடம், இந்த ஆண்டும் விட்டுவையும், சுற்றிக் கொத்தி எரு போடுகிறேன் என்று கெஞ்சிய தோட்டக்காரரை லூக்கா 13இல் வாசியுங்கள். பச்சை தெரியவில்லையென்றால், அழுதுவிட்டு எடுத்துப் போடுங்கள். அதில் பாவம் ஒன்றும் இல்லை.

காலநிலையே குழம்பிவிட்டது, பூக்க வேண்டிய நேரத்தில் பூப்பதில்லை. இனிமேல் பருவங்களைப் பார்த்து எதிர்நோக்கு என்று பேசுவது ஏமாற்று இல்லையா?

உலகம் உள்ளவரை விதைக்கும் காலமும் அறுவடைக் காலமும் ஓயாது என்ற வாக்குறுதி தொடக்கநூல் 8:22இல் இருக்கிறது. நாம் என்ன செய்தாலும் ஒன்றும் கெடாது என்று அதற்குப் பொருள் எடுக்க முடியாது. படைப்பு முழுவதும் பேறுகால வேதனையில் தவிக்கிறது என்று பவுலும் எழுதினார் (உரோமையர் 8:22). அந்த வேதனையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி பூவைப் பாடிக்கொண்டிருந்தால் நீங்கள் சொல்வதுபோல ஏமாற்றுதான்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'லவுதாத்தோ சீ' திருமடலின் எண் 12இல் ஒரு செய்தி இருக்கிறது: அசிசி பிரான்சிஸ் மடத்துத் தோட்டத்தில் ஒரு பகுதியை எப்போதும் தொடாமல் விடச் சொன்னார், காட்டுப் பூவும் மூலிகையும் அங்கே வளரட்டும், பார்க்கிறவர்கள் கடவுளை நினைக்கட்டும் என்று. எங்கள் கெபிக்குப் பின்னால் ஒரு மூலையை அப்படி விட்டிருக்கிறோம், பூச்சி மருந்து அடிப்பதில்லை. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று புகார் வருகிறது. பட்டாம்பூச்சியும் வருகிறது.

கடைசியாக ஒன்று. விதை செத்து முளைக்கிறது, அதுபோல உயிர்ப்பு என்கிறார்கள். ஆனால் விதை உண்மையில் சாவதில்லையே?

சரியாகப் பிடித்தீர்கள். விதைக்குள் முளைக்கரு உயிரோடுதான் இருக்கிறது, தூங்குகிறது, அவ்வளவுதான். இஸ்ரயேலில் உள்ள பழைய மசாதா கோட்டையில் தோண்டி எடுத்த ஏறக்குறைய 2000 ஆண்டு பழைய பேரீச்ச விதை ஒன்று 2005இல் முளைத்தது, அது செத்திருந்தால் முளைத்திருக்காது. கோதுமை மணி மடிவதைப் பற்றி ஆண்டவர் சொன்னது (யோவான் 12:24) விவசாயி கண்ணால் பார்ப்பதை வைத்து: போட்ட மணி போட்ட மாதிரி திரும்பக் கிடைப்பதில்லை. பவுலும் விதைப்பது ஓர் உடல், எழுவது வேறு விதமான உடல் என்று (1 கொரிந்தியர் 15) அந்த வித்தியாசத்தைத்தான் பிடிக்கிறார்.

அதற்கு மேல் உவமையை இழுக்கக் கூடாது. விதை தன் இயல்பால் முளைக்கிறது, பருவம் தன் சுழற்சியால் திரும்ப வருகிறது, அடுத்த ஆண்டும் வாடும். ஆண்டவர் உண்மையாகவே இறந்தார், எந்த இயல்பும் அவரை எழுப்பவில்லை, தந்தை எழுப்பினார், ஒரே ஒரு முறை, இனி அவருக்குச் சாவு இல்லை (உரோமையர் 6:9). ஆகவே மொட்டையும் கிழங்கையும் பற்றி மேலே எழுதியதெல்லாம் சான்று இல்லை, சாடைதான். சான்று அந்தத் தோட்டத்துக் கல்லறையில், அதைப் பார்த்தவர்களின் வாக்குமூலத்தில் இருக்கிறது. மகதலா மரியாவும் முதலில் அவரைத் தோட்டக்காரர் என்றுதான் நினைத்தார், பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகே அடையாளம் கண்டார் (யோவான் 20:15-16).